கண்ணாடியை இறக்கினால் கத்தும் பாட்டு

நான் வேலை பார்த்த கார் சர்வீஸ் சென்டரில் இப்போது சூப்பர்வைசராக இருக்கும் பெண் சென்ற வாரம் போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் மாடலில் ஸ்டீரியோவுக்குத் திருகுகிற குமிழ் ஒன்றுகூடக் கிடையாதாம். பாட்டு, ஏசி, விளக்கு எல்லாமே திரைக்குள் போய்விட்டனவாம். "ஓனருங்க வந்து கத்தறாங்க சார். புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்க ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றார். அறிவுரை கேட்கப்படும் வயது எனக்கு வந்துவிட்டதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன். அறிவுரை எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ, பிறகு மாலைக் கல்லூரியில் பட்டம், அதன்பின் கம்பெனி நடத்திய பயிற்சிகள். முதலில் கேசட்டைப் படிக்கும் தலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிறகு சிடி லென்ஸைத் துடைத்தேன். கடைசியில், துடைக்க எதுவுமே இல்லாத காலம் வந்தது. என் பயிற்சிக் காலம் மொத்தமும் இவ்வளவுதான்.

கடையில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ கெட்டுப்போனால் கடைக்காரரைத் திட்டலாம். காரோடு கம்பெனியே பொருத்தி அனுப்பும் ஸ்டீரியோ அப்படிக் கெடுவதில்லை. அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்யும். கெட்டுப்போவது ஓட்டுபவரின் நிம்மதி. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் "சாலையைக் கவனிக்கவும்" என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டி, அதை ஒப்புக்கொண்டதாகத் திரையில் தொடச் சொல்லும். அதாவது சாலையைக் கவனிக்காமல் திரையைப் பார்க்கச் சொல்லும். "வீட்டுக்குப் போ" என்று தமிழில் கட்டளை கொடுத்தால் ஏதோ ஒரு வீரப்பனுக்கோ வீரமணிக்கோ போன் போடும். இந்தத் துறையில்தான் நான் நிபுணனாக ஓய்வுபெற்றேன்.

எங்கள் பட்டறை திருவண்ணாமலையில் போளூர்ச் சாலையில் இருந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் ஞானசேகரன் சார், ஆரணிக்காரர். மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை. எண்ணெயும் கிரீஸும் நடமாடும் இடத்தில் அந்தச் சட்டை மாலைவரை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. யாருடைய காரில் ஏறினாலும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறுவார். "அது அவங்க வூடு மாதிரிப்பா" என்பார். முன்னால் உட்கார மாட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, கார்க்காரரிடம் எப்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நாங்க யாரும் பக்கத்துல இல்லாதப்ப எப்படி ஓட்டுவீங்களோ, அப்படியே ஓட்டுங்க."

எங்கள் தொழிலில் 'பழுது காணப்படவில்லை' என்று ஒரு சொற்றொடர் உண்டு. பரிசோதித்தோம், ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்பதன் மரியாதையான வடிவம். ஞானசேகரன் சார் அதைத் தடை செய்திருந்தார். 'பழுது இன்னும் காணப்படவில்லை' என்றுதான் ஜாப் கார்டில் எழுத வேண்டும். அந்த 'இன்னும்' என்ற ஒரு சொல் எங்களுக்கு எவ்வளவு வேலை வைத்தது என்பதைச் சொல்லி மாளாது.

ஓர் உதாரணம். கலசப்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். காரைக் கிளப்பினால் அதற்குள் தன் மைத்துனி பேசுகிறாள் என்றார். பட்டறையில் எத்தனை முறை கிளப்பியும் எந்த மைத்துனியும் பேசவில்லை. பையன்கள் மறைவாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். ஞானசேகரன் சார் சிரிக்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு கலசப்பாக்கத்துக்கே போய், அவர் வீட்டு வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார்.

"வழக்கமா எப்ப கிளப்புவீங்களோ அப்ப கிளப்புங்க சார்."

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பொறுத்துக் கிளப்பினார். உடனே ஸ்பீக்கர்கள் அத்தனையும் ஒரு பெண் குரலில் பேசின: "அந்த ஆளு ரிட்டயர் ஆனதுலருந்து வூட்லயே குந்திக்கினு உன் உயிர எடுக்கறான். நீ எப்படித்தான் தாங்கறியோ அக்கா!"

ஞானசேகரன் சார் பின்னாலிருந்து எக்கிக் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். "பழுது தெரிஞ்சிடுச்சு சார். இதுக்கு மேல கேக்கறது நாகரிகம் இல்ல" என்றார்.

காரணம் எளிது. தலைமையாசிரியர் மனைவியின் போனையும் என்றோ காரோடு இணைத்திருந்தார்கள். சமையலறையில் அவர் தங்கையோடு பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் கிளம்பினால், கார் அந்த அழைப்பைப் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். அந்த இணைப்பை நீக்கப் போனேன். தலைமையாசிரியர் என் பக்கம் குனிந்து, "அதை எடுக்காம வுட்டா இன்னா ஆவும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இனி கோமதியின் கதை. ஞானசேகரன் சாரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

ஜமுனாமரத்தூரில் சாமை, புளி, தேன் வாங்கிச் சேர்த்து விற்கும் பெண்கள் குழு ஒன்று எங்களிடம் ஏழு பேர் உட்காரும் கார் வாங்கியிருந்தது. அவர்கள் கேட்டது சாதாரண மாடல். அது வர மாதக் கணக்காகும் என்று சொல்லி எங்கள் விற்பனைப் பிரிவு உச்ச மாடலைத் தலையில் கட்டியது. புளி மூட்டைகள் சொகுசு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு மலை இறங்கின. ஓட்டியவர் கோமதி, முப்பது வயதிருக்கும். மலையில் சம்பளத்துக்குக் கார் ஓட்டிய முதல் பெண் அவர்தான் என்று சொன்னார்கள்.

ஒருநாள் அந்தக் கார் வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடி இல்லாமல், கதவு நசுங்கி வந்தது. கோமதியோடு குழுத் தலைவி செல்லம்மாவும் வந்திருந்தார். கோமதிக்கு அவர் அத்தை முறை.

"வளைவுல பஸ்ஸு எறங்கி வருது. இவ போய் அதுல ஒரசிட்டா" என்றார் செல்லம்மா. "பஸ்காரன் ஆரன் அடிச்சது மலைக்கே கேட்டுச்சு. இவளுக்கு மட்டும் கேக்கல. பாட்ட அலறவுட்டுக்கினு வந்திருக்கா. பஸ்ல இருந்த அத்தினி பேரும் சொல்றாங்க."

"பாட்டு போட்டேன் அத்த, இல்லன்னு சொல்லல. மெதுவாதான் வெச்சேன். வளைவாண்ட அது தானா ஏறிக்கிச்சு."

"தானா ஏற அது இன்னா பாம்பா?"

செல்லம்மா என்னிடம் திரும்பினார். "சந்தை அன்னிக்குக் குழுக் கூட்டம் சார். படவேட்டுல எங்க அக்கா பையன் லாரி ஓட்டறான். சாவி அவன் கைக்குப் போவுது. வண்டிய மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கோமதி என்னிடம், "என்னைப் பாத்துதான் சார் எங்க ஊர்ல ரெண்டு பொண்ணுங்க லைசென்ஸ்க்குப் போட்டிருக்குதுங்க. பாட்டு கேட்டு வண்டிய வுட்டவன்னு என்னைத் தொரத்துனா, அதுங்கள வூட்ட வுட்டே அனுப்ப மாட்டாங்க" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கதவும் கண்ணாடியும் பட்டறையின் மறுபக்கத்துக்குப் போயின. அவை முடிந்ததும் ஸ்டீரியோ என்னிடம் வந்தது. கையேடு சொல்லும் முறை இது: காரைச் சமதரையில் நிறுத்து. எல்லாக் கதவையும் கண்ணாடியையும் மூடு. ஏசியை நடுத்தர வேகத்தில் வை. கம்பெனி கொடுத்த சோதனைப் பாட்டைப் போடு. கணினியை இணைத்து ஒலியளவு மாறுகிறதா என்று பார். ஒரு வரிகூட விடாமல் அத்தனையும் செய்தேன். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டினேன். ஸ்டீரியோ முன்மாதிரி மாணவனைப் போல் நடந்துகொண்டது. 'பழுது இன்னும் காணப்படவில்லை' என்று எழுதிக் கார்டை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

ஞானசேகரன் சார் அதைப் படித்துவிட்டு, "மேல போய்ப் பாக்கணும். சந்தை அன்னிக்கே போலாம்" என்றார்.

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவருக்கும் மலைப்பாதைக்கும் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் வேலூர் போய்வந்தாலே முகம் வெளிறிவிடும். மலையிலிருந்து வரும் புகார்களுக்கு அதுவரை மற்றவர்களைத்தான் அனுப்பிவந்தார்.

சந்தை அன்று காலையில் கோமதி கீழே வந்து காரை எடுத்தார். நான் மடியில் லேப்டாப்போடு முன்னால். சார் வழக்கம்போல் செருப்பைக் கழற்றி, அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். கையில் ஓர் எலுமிச்சம்பழம். தன் வாக்கியத்தைச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டார்.

கோமதி வண்டி ஓட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் வாழ்நாளில் நான் உட்கார்ந்து பார்த்த நல்ல ஓட்டுநர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அதில் அவருக்கு இடம் உண்டு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். வளைவுக்குள் போனபின் பிரேக்கில் கால் வைக்க மாட்டார். வண்டி ஏறுவதே தெரியாது. ஜன்னலில் மரங்கள் கீழே இறங்குவதுதான் தெரியும்.

பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஏசி குளுகுளுவென்று வந்தது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. என் திரையில் ஒலியளவைக் காட்டும் கோடு மேசை விளிம்பு போல நேராகவே ஓடியது. கோமதி அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பாதி மலை ஏறியபோது அவர் முகம் இறுகிவிட்டது. நான் ஜமுனாமரத்தூரில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"நிறுத்தும்மா" என்றார் சார் பின்னாலிருந்து.

வாந்தி என்றுதான் நினைத்தேன். அவர் இறங்கவில்லை. கண்ணை மட்டும் திறந்தார்.

"தெனமும் இப்படித்தான் ஓட்டுவியா?"

"ஆமா சார்."

"ஏசி போட்டுக்கினா?"

கோமதி தயங்கினார். "இல்ல சார். நீங்க பெரியவங்க வர்றீங்களேன்னு போட்டேன். நாங்க மலையில ஏசியே போட மாட்டோம். கண்ணாடிய எறக்கிட்டுதான் ஓட்டுவோம். மேலருந்து பஸ் வர்ற ஆரன் கேக்கணுமில்ல?"

"நான் இன்னா சொன்னேன்? நாங்க இல்லாதப்ப ஓட்டற மாதிரி ஓட்டச் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார். அதுக்காவ உங்க மேல புழுதி அடிக்கவுடுறதா?"

"அடிக்கட்டும்மா" என்றார் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்.

ஏசி நின்றது. கண்ணாடிகள் இறங்கின. அடுத்த வளைவு வந்தது. கோமதி ஆரன் அடித்தார், முதல் கியருக்கு மாற்றினார், ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தார். இன்ஜின் உறுமியது. அந்தச் சத்தம் பக்கத்துப் பாறையில் மோதித் திரும்பி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. என் திரையில் இருந்த கோடு எழுந்து நின்றது. பாட்டு ஏறியது, இன்னும் ஏறியது, கடைசியில் என் பல் அதிர்ந்தது.

"பாருங்க சார்! பாருங்க! நான் தொட்டனா?" என்று கோமதி கத்தினார். அவர் கத்தியது எனக்கு உதட்டசைவாகத்தான் தெரிந்தது.

வளைவு தாண்டி அகலமான இடத்தில் காரை நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பாட்டும் பாடிக்கொண்டே இருந்தது. ஞானசேகரன் சார் பின்சீட்டிலிருந்து முன்னால் எக்கி, கூரை விளக்குக்குப் பக்கத்தில் இருந்த ஊசித்துளை அளவு ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்தினார். பாட்டு மெல்ல இறங்கியது. விரலை எடுத்தார், ஏறியது. மறுபடி பொத்தினார், இறங்கியது. அந்த உச்ச மாடல் ஸ்டீரியோ எலுமிச்சை வாசனை அடித்த ஒரு கட்டைவிரலுக்கு அடங்கி நின்றதை நான் மறக்க மாட்டேன்.

அந்த ஓட்டைக்குள் இருப்பது மைக். காருக்குள் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். இரைச்சல் கூடினால் பாட்டையும் கூட்டும். நெடுஞ்சாலையில் டயர் சத்தத்தில் பாட்டு மூழ்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. சமவெளியில் அது அருமையான யோசனை. அதைச் செய்தவரைக் கண்டால் கை கொடுப்பேன். இவ்வளவு விலையுள்ள காரில் ஒருவர் கண்ணாடியை இறக்குவார், அதுவும் வெளிச்சத்தம் கேட்பதற்காகவே இறக்குவார் என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை. கோமதி பஸ்ஸைக் கேட்கக் கண்ணாடியை இறக்கியபோதெல்லாம், கார் அவருக்குப் பாட்டுக் கேட்கவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறது.

"கொறைக்கலாமில்ல? ஸ்டீரிங்லயே பொத்தான் இருக்கே" என்று நான் கேட்டேன்.

"கீழ்ப் பொத்தானைத்தான் அமுக்கனேன் சார். இன்னும் ஏறிச்சு."

சார் ஸ்டீரிங்கைக் காட்டினார். "ஒடிச்சு வெச்சா இது தலைகீழா ஆயிடும். கீழ இருக்கறது கூட்டற பொத்தான்." எத்தனையோ ஸ்டீரிங்குகளைக் கழற்றி மாட்டியவன் நான். மலை வளைவில் ஒடித்தபடி அதைப் பார்த்தது அன்றுதான்.

அந்த ஏற்பாட்டை அணைக்கத் திரையில் வழி உண்டு. மெனுவுக்குள் மெனுவாக ஐந்தாறு கதவுகளைத் திறந்து போக வேண்டும். நான் விரலை நீட்டினேன். "இப்ப வேணாம்ப்பா. கூட்டம் முடியட்டும்" என்று தடுத்தார்.

ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் குழுப் பெண்கள் கூடியிருந்தார்கள். படவேட்டு அக்கா மகனும் வந்திருந்தார். கூலிங் கிளாஸ், இஸ்திரி போட்ட சட்டை, சாவி வாங்கத் தயாரான கை. நான் விளக்குவதற்காகக் கணினியைத் திறந்தேன். சார் என்னை மூடச் சொன்னார்.

"தலைவியம்மா, ஒரே ஒரு வளைவு வரைக்கும் எங்கூட வந்துட்டுப் போங்க" என்றார் செல்லம்மாவிடம்.

"கூட்டம் கெடக்குதே சார்?"

"கூட்டத்துக்குத்தாம்மா கூப்பிடறேன்."

செல்லம்மா முன்சீட்டில் ஏறினார். கோமதி ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால். அம்மன் பாட்டு ஒன்றைச் செல்லம்மாவே போட்டு, தனக்குப் பிடித்த அளவில் மெதுவாக வைத்தார். சார் சொன்னபடி கோமதி எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார். மலைப்பாதையில் கொஞ்சம் இறங்கி, அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி மேல்நோக்கி ஏறினோம். வளைவு வந்ததும் அம்மன் பாட்டு ஆவேசம் கொண்டது.

"கொறைடி! கொறைடி!"

"நான் தொடவே இல்ல அத்த! நீயே கொறை!"

செல்லம்மா திரையில் விரலை வைத்தார். கார் குலுங்கியதில் விரல் வழுக்கி ரேடியோவைத் தொட்டது. அங்கே எந்த நிலையமும் எட்டவில்லை. வெறும் கரகரப்பு அதே சத்தத்தில் பொங்கியது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கோமதி அதற்குள் காரை இடப்பக்கம் முழுதாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த கணம் வளைவின் மேலிருந்து பஸ் இறங்கி எங்களை ஒட்டி நின்றது.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கோமதி ஸ்டீரியோவை அணைத்ததும் அவர் குரல் கேட்டது: "மூணு வளைவா ஆரன் அடிச்சிக்கினே வர்றேன்! காதுல இன்னா பஞ்சா?"

செல்லம்மா காதிலிருந்து கையை எடுத்தார். "ஆரன் அடிச்சியா நீ?"

"சந்தைக்கே கேட்டிருக்கும்மா!"

செல்லம்மா திரையைப் பார்த்தார், பிறகு கோமதியைப் பார்த்தார். "கேக்கலயே. பஸ் வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"திருவண்ணாமலை பஸ்ஸு எறங்கற நேரம் இது அத்த. அதான் ஒதுங்கனேன்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு அது நேரந்தப்பி வந்துச்சு. கேட்டாதான் தெரியும். கேக்கல."

கட்டட வாசலில் இறங்கியதும் கோமதி சாவியைச் செல்லம்மாவிடம் நீட்டினார். செல்லம்மா அதைத் தொடவில்லை.

"இன்னாத்துக்கு எங்கிட்ட நீட்டற? சாயங்காலம் புளி ஏத்தணும், மறந்துட்டியா?" என்றவர் படவேட்டுக்காரரிடம் திரும்பினார். "டேய், நீ சாப்ட்டுட்டு பஸ்ஸப் புடி. ஆரன் நல்லா அடிக்கிற பஸ்ஸா பாத்து ஏறு."

பிறகுதான் ஞானசேகரன் சார் அந்த ஏற்பாட்டை அணைக்க அனுமதி கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாலையோரமாகப் போய், காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த வாந்தியை நிதானமாக எடுத்தார். வாய் கொப்பளித்துத் திரும்பியபோதும் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

கம்பெனிக்கு அறிக்கை போனது. அதை எழுதியவர் அவர், தட்டச்சு செய்தவன் நான். கண்ணாடி இறங்கும்போது பாட்டும் இறங்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. வடிவமைத்தபடியே இயங்குகிறது என்று பதில் வந்தது. அவர் மறுபடி எழுதினார். அதே பதில் மறுபடி வந்தது. ஓய்வுபெறும்வரை, இந்த மாடல் எப்போது வந்தாலும் அவர் அந்த வரியைச் சேர்த்தே அனுப்பினார். எங்களுக்குப் பழகிவிட்டது, அவருக்கு அலுக்கவே இல்லை.

போன மாதம் சாமை வாங்கலாம் என்று ஜமுனாமரத்தூர் போனேன். போளூரில் கோமதி என்னைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். குழுவுக்கு இப்போது இரண்டு வண்டி. இன்னொன்றை ஓட்டுபவர் அன்று லைசென்ஸுக்குப் போட்டிருந்த இரண்டு பெண்களில் ஒருவர். கோமதி ஓட்டியது புது வண்டி, அதே கம்பெனி. குமிழ் கிடையாது. கிளப்பியதும் சாலையைக் கவனிக்கச் சொல்லித் திரை விரலைக் கேட்டது.

முதல் வளைவில் கோமதி கண்ணாடியை இறக்கினார். பாட்டு தானாகத் தணிந்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குப் போனது.

"பாத்தீங்களா சார்? இந்த வண்டியில கண்ணாடிய எறக்குனா பாட்டு அடங்கிடுது. மலையில நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் எவனோ கம்பெனிக்குச் சொல்லியிருக்கான்."

அது யார் சொல்லி வந்ததென்று என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அதைச் சொன்னவருக்கு மலையில் ஓட்டத் தெரியாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பின்சீட்டில் கண்ணை மூடி உட்காரத்தான் தெரியும். இதைக் கோமதியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலேயிருந்து பஸ்ஸின் ஆரன் தெளிவாகக் கேட்டது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் ஒதுங்கினார்.